சாப்பாட்டையும் சேர்த்துக் கட்டுவதா, கார்டில் கழிவு எடுப்பதா? வன்னியிலிருந்து சுற்றுலாப் போகும் குடும்பங்களுக்கு

கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் வந்திருந்தபோது எல்லோருமாக நுவரெலியாவுக்குப் போனோம். அம்மம்மாவோடு சேர்த்து ஒன்பது பேர், மூன்று இரவு. சாப்பாட்டுக்கு அலையக் கூடாது என்று நினைத்து மூன்று நேரச் சாப்பாட்டையும் சேர்த்து ஹோட்டலுக்கு முன்கூட்டியே காசு கட்டிவிட்டேன். திரும்பி வந்த பிறகு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தால், காசு கட்டிய ஒன்பது நேரங்களில் மூன்று நேரம் நாங்கள் அந்தச் சாப்பாட்டு மண்டபத்துக்குள் காலே வைக்கவில்லை. ஒன்பது பேருக்கு இருபத்தேழு தட்டுச் சாப்பாடு. அதற்கு அடுத்த பயணத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, முழுக்க வங்கிக் கார்டின் கழிவை நம்பிப் போனேன். அதிலும் ஒரு இரவு கழிவு கிடைக்காமல் முழு பில்லையும் கட்ட வேண்டி வந்தது.

இரண்டு தரமும் பிழை ஒன்றுதான். காசைக் கட்டிவிட்டுக் கணக்குப் பார்த்தேன். நீங்கள் கட்ட முன்னர் பார்க்க வேண்டும் என்பதற்காக, நான் இப்போது செய்யும் முறையை அப்படியே எழுதுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இருந்து வான் பிடித்துக் குடும்பமாகப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஒரு பேனையும் போனில் இருக்கிற கல்குலேட்டரும் போதும்.

1. யார் யார் போகிறோம் என்பதை முதலில் எழுதுங்கள், ஆவணங்களோடு

பலர் அறை எத்தனை வேண்டும் என்பதில் தொடங்குகிறார்கள். ஆட்களில் தொடங்குங்கள். ஒவ்வொருவருடைய பெயருக்கும் எதிரே வயது, கையில் இருக்கும் ஆவணம், சாப்பாட்டுப் பழக்கம் மூன்றையும் எழுதுங்கள்.

ஆவணம் ஏன் என்றால், இலங்கையில் நிறைய ஹோட்டல்களில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவருக்கு டொலரில் வேறொரு விலை. அறைக்கு மட்டுமல்ல, சாப்பாட்டுக்கும் அந்த வித்தியாசம் வரும். அண்ணா இங்கே பிறந்து வளர்ந்தவர், தமிழில்தான் கதைத்தார், ஆனால் கையில் இருந்தது கனடாப் பாஸ்போர்ட். வரவேற்பு மேசையில் அதைப் பார்த்ததும் அவர்களுடைய இரண்டு அறைகளின் விலையும் மாறியது. நான் போனில் பதிவு செய்யும்போது இதைச் சொல்லவே இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

ஆகவே உள்ளூர் ஆட்களின் ஐசி, அதாவது தேசிய அடையாள அட்டை, எல்லோருக்கும் கையில் இருக்கட்டும், போட்டோப் பிரதி மட்டும் போதாது. வெளிநாட்டில் இருந்து வந்தவர்களிடம் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் இருந்தால் அதைக் கொண்டு வரச் சொல்லுங்கள். அதை ஏற்று உள்ளூர் விலை தருவார்களா என்று முன்பே கேட்டு, பதிலை வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்ன வார்த்தையை வரவேற்பு மேசையில் நிற்கும் இன்னொருவரிடம் காட்ட முடியாது.

பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று கொண்டு போங்கள். பெரும்பாலான இடங்களில் ஆறு வயதுக்குக் கீழே இலவசம், பன்னிரண்டுக்குக் கீழே அரை விலை, பன்னிரண்டு முடிந்தால் பெரியவர் விலை. ஆனால் எல்லை ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். பதிவு செய்யும் நாளின் வயதைச் சொல்லாதீர்கள், அங்கே தங்கும் நாளில் என்ன வயது என்று பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு பையனுக்கு இடையில் பன்னிரண்டு முடிந்துவிட்டது. அரை விலை முழு விலையானது.

சாப்பாட்டுப் பழக்கமும் காசுதான். யார் சைவம், யாருக்கு வெள்ளிக்கிழமை மட்டும் சைவம், யார் விரதம், யாருக்குச் சீனி வருத்தம். பஃபேயில் இறைச்சி, மீன், இறால் எல்லாம் சேர்த்துத்தான் விலை போட்டிருப்பார்கள். சைவக்காரர் சோறும் பருப்பும் இரண்டு மரக்கறியும் எடுத்தாலும் அதே விலைதான். எங்கள் அம்மம்மா மூன்று இரவும் மூன்று இடியப்பமும் கொஞ்சம் சொதியும்தான் சாப்பிட்டவ. சொதி சுடுகிறதா என்று கோப்பையைக் கையால் தொட்டுப் பார்ப்பா, அவ்வளவுதான். அதற்கு நாங்கள் கட்டியது முழு பஃபே விலை.

2. ஹோட்டல்காரர் சொல்லும் சொற்களை விளங்கிக்கொள்ளுங்கள்

ரூம் ஒன்லி என்றால் அறை மட்டும். பெட் அண்ட் பிரெக்பாஸ்ட் என்றால் அறையும் காலைச் சாப்பாடும். பிபி என்று சுருக்குவார்கள். ஹாஃப் போர்ட் என்றால் காலையும் இரவும். ஃபுல் போர்ட் என்றால் மூன்று நேரமும். ஓல் இன்குளூசிவ் என்றால் குடிவகை, தேநீர் நேரத்துச் சிற்றுண்டி வரை சேரும். அதை அதிகமும் கடற்கரை ஹோட்டல்களில்தான் காண்பீர்கள்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, ஹாஃப் போர்ட், ஃபுல் போர்ட் இரண்டிலும் குடிக்கிற எதுவும் பெரும்பாலும் சேராது. மேசையில் கொண்டு வந்து வைக்கும் தண்ணீர்ப் போத்தலுக்குக்கூடத் தனி பில் வரலாம். ஒன்பது பேர் மூன்று இரவு ஆளுக்கொரு போத்தல் உடைத்தால் எவ்வளவு வரும் என்று பாருங்கள். இரண்டாவது, ஃபுல் போர்ட் எந்தச் சாப்பாட்டில் தொடங்கி எதில் முடிகிறது என்று கேளுங்கள். அறை கிடைப்பது வழக்கமாகப் பகல் இரண்டு மணிக்கு. வந்த நாள் மத்தியானத்தில் கணக்குத் தொடங்கினால், அந்தச் சாப்பாட்டை நேரத்துக்கு வந்து சாப்பிட உங்களால் முடியுமா?

எங்களால் முடியவில்லை. பரந்தனில் இருந்து விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டோம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, வவுனியாவில் தேநீர் குடித்து, கண்டி தாண்டி றம்பொடை ஆஞ்சநேயர் கோயிலிலும் இறங்கிப் போனதில், நுவரெலியாவைத் தொடும்போது பின்னேரம் நாலு மணி. மத்தியான பஃபேயை மூடி, மேசைத் துணியும் மாற்றிவிட்டார்கள். கிளிநொச்சியில் இருந்து கண்டிக்கு ஏ9 வீதியால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர்; அதற்கு மேலே மலை ஏற வேண்டும். வன்னியில் இருந்து போகிறவர் முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மலைநாட்டு ஹோட்டலில் காசு கட்டவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

3. ஒரு தட்டின் விலையைக் கண்டுபிடியுங்கள்

முழுக் கட்டுரையிலும் இதுதான் முக்கியம். ஹோட்டலுக்கு அழைத்து ஒரே அறைக்கு, ஒரே திகதிக்கு மூன்று விலை கேளுங்கள்: பிபி எவ்வளவு, ஹாஃப் போர்ட் எவ்வளவு, ஃபுல் போர்ட் எவ்வளவு. ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்து ஆட்களின் எண்ணிக்கையால் பிரித்தால், அந்த ஒரு நேரச் சாப்பாட்டுக்கு உங்களிடம் உண்மையில் வாங்கும் காசு தெரியும்.

கணக்கு விளங்க ஒரு உதாரணம் சொல்கிறேன். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை; நீங்கள் உங்கள் ஹோட்டலின் எண்களைப் போடுங்கள். இரண்டு பேருக்கு பிபி 28,000 ரூபா, ஹாஃப் போர்ட் 37,000 ரூபா என்று வைப்போம். வித்தியாசம் 9,000. ஆக இரவுச் சாப்பாடு ஒரு தட்டு 4,500 ரூபா.

இப்போது அதே ஹோட்டலில், வெளியில் இருந்து வந்து சாப்பிடுகிறவருக்கு இரவு பஃபே எவ்வளவு என்று கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் உடனே சொல்லுவார்கள். பட்டியல் விலை 3,700 என்றால் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்து 4,800 அளவில் வரும். உங்கள் கார்டுக்கு அந்த ஹோட்டலில் 25 வீதம் கழிவு இருந்தால் 3,600 அளவுக்கு இறங்கும். அதே மண்டபம், அதே சோறு, அதே கறி. முன்கூட்டிக் கட்டினால் 4,500, கார்டில் 3,600. கார்ட் இல்லாவிட்டால் 4,800, அப்போது ஹாஃப் போர்ட்தான் லாபம். கார்டில் கழிவு 10 வீதம்தான் என்றால் 4,320 அளவில் வரும், வித்தியாசம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காகத் தலையை உடைக்கத் தேவையில்லை.

மூன்றாவதாக ஒரு எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள்: ஹோட்டலுக்கு வெளியே, நடந்து போகிற தூரத்தில் ஒரு சைவக் கடையிலோ கொத்துக் கடையிலோ வயிறு நிறையச் சாப்பிட எவ்வளவு? அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் பல வீடுகளில் ஃபுல் போர்ட் யோசனை கைவிடப்படுகிறது.

4. சொன்ன விலை முழு விலையா என்று கேளுங்கள்

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், அதற்கு மேல் 10 வீதச் சேவைக் கட்டணமும் அரசாங்க வரிகளும் வரும் என்று அர்த்தம். வற் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். ஆயிரம் ரூபாச் சாப்பாடு மேசையை விட்டு எழும்பும்போது ஏறத்தாழ 1,300 ரூபா. சில இடங்களில் 2.5 வீதச் சமூகப் பாதுகாப்பு வரியையும் தனியாகக் காட்டுவார்கள்.

எல்லாம் சேர்ந்த விலையை நெட் என்று சொல்லுவார்கள். ‘நெட்டா, பிளஸ் பிளஸ்ஸா?’ என்ற ஒரு கேள்வி போதும், உடனே விளங்கிக்கொள்வார்கள். நெட்டையும் பிளஸ் பிளஸ்ஸையும் ஒப்பிட்டுத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: ஹாஃப் போர்ட் விலை நெட்டாக இருக்கும், வெளியே உள்ள உணவகத்தின் மெனு விலை பிளஸ் பிளஸ்ஸாக இருக்கும், வெளியே மலிவு போலத் தெரியும். இரண்டையும் நெட்டாக்கி எழுதிய பிறகு பாருங்கள்.

5. நாளுக்கு மூன்று கட்டம் போடுங்கள்

கொப்பியில் ஒரு பக்கம். மேலே நாட்கள், பக்கவாட்டில் காலை, மத்தியானம், இரவு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நேரம் எங்கே நிற்போம் என்று எழுதுங்கள். ‘ஹோட்டல்’ என்று நிச்சயமாக எழுதக்கூடிய கட்டங்களுக்கு மட்டும் முன்கூட்டிக் காசு கட்டலாம். சந்தேகம் உள்ள கட்டத்துக்குக் கட்டாதீர்கள்.

நுவரெலியாவை வைத்தே சொல்கிறேன். ஹோட்டன் சமவெளிக்குப் போகிறதென்றால் விடிய ஐந்து மணிக்காவது வெளிக்கிட வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குள் அங்கே உலக முடிவு என்று சொல்லும் செங்குத்து மலை விளிம்பில் முகில் ஏறி மறைத்துவிடும். அந்த நாள் காலைச் சாப்பாடு ஹோட்டலில் இல்லை. சீதை அம்மன் கோயிலும் ஹக்கல பூங்காவும் பார்க்கிற நாள் மத்தியானம் எங்கே நிற்போம் என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் பூங்காவில் ஓடத் தொடங்கினால் இரண்டு மணி தாண்டிவிடும். கடைசி நாள் பன்னிரண்டு மணிக்கு அறையை விட வேண்டும். அதோடு இருட்ட முன் ஏ9 வீதியில் பாதித் தூரமாவது வர வேண்டும். ஆக நிச்சயமாக ஹோட்டலில் இருப்பது இரவுகளும் இரண்டு காலையும்தான்.

காலைச் சாப்பாடு தவறும் நாளுக்கு ஒரு வழி உண்டு. முதல் நாள் பின்னேரமே வரவேற்பு மேசையில் சொன்னால் கட்டித் தருவார்கள்: சான்விச், அவித்த முட்டை, வாழைப்பழம், ஒரு ஜூஸ் பெட்டி. மேலதிகக் காசு கேட்காத இடங்கள்தான் அதிகம். ஆனால் இரவு பத்து மணிக்குச் சொன்னால் சமையலறை மூடியிருக்கும். ஹோட்டன் சமவெளிக்கென்றால் பொலித்தீனில் சுற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வாசலில் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளைக்கூடக் கழற்றிவிடுவார்கள். நாங்கள் அந்தக் குளிரில் சான்விச்சைத் தாளில் மாற்றிச் சுற்றிக்கொண்டு நின்றோம்.

6. கார்டின் கழிவை நம்ப முன்னர் நிபந்தனையை வாசியுங்கள்

இலங்கை வங்கிகள் மாதத்துக்கு மாதம் உணவகங்களோடும் ஹோட்டல்களோடும் சேர்ந்து கழிவுகள் அறிவிக்கின்றன. வங்கியின் இணையத்தளத்திலும் செயலியிலும் பட்டியல் இருக்கும். பெரிய எழுத்தில் 30 வீதம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு வானில் ஏறிவிடாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் உங்கள் பில்லைத் தீர்மானிக்கும். நான் இப்போது பார்க்கும் விடயங்கள் இவை.

கிரெடிட் கார்டுக்கா, டெபிட் கார்டுக்குமா? பெரும்பாலும் கிரெடிட் கார்டுக்குத்தான். எங்கள் பக்கத்தில் நிறையப் பேரிடம் இருப்பது டெபிட் கார்ட், அதை நீட்டிவிட்டு முகம் சிவக்க நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

எந்த நாட்களில்? சில கழிவு வார நாட்களில் மட்டும், சில சனி ஞாயிறு மட்டும். நீண்ட விடுமுறை, சித்திரைப் புத்தாண்டு, நத்தார் காலங்களை விலக்கி வைத்திருப்பார்கள். நாங்கள் சுற்றுலாப் போவதே அந்த நாட்களில்தான்.

எதற்கு? சாப்பாட்டுக்கு மட்டுமா, குடிபானத்துக்குமா? பஃபேக்கு உண்டா, மெனுவில் தெரிவு செய்வதற்கு மட்டுமா? பிள்ளைகளின் அரை விலைக்கு மேல் கழிவு தருவார்களா? வேறு சலுகை ஏற்கெனவே இருந்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

எவ்வளவு வரை? ஆகக் குறைந்த பில் தொகை ஒன்றும், கழிவுக்கு உச்ச எல்லை ஒன்றும் இருக்கும். ஒன்பது பேர் சாப்பிட்ட பில்லுக்கு 25 வீதம் என்று நீங்கள் மனதில் கணக்குப் போட்டிருப்பீர்கள். எல்லை ஐயாயிரம் ரூபா என்றால் ஐயாயிரத்தோடு நின்றுவிடும்.

முன்பதிவு தேவையா? சில இடங்களில் இன்ன வங்கிக் கார்டின் கழிவுக்கு வருகிறோம் என்று சொல்லி மேசை பதிந்தால்தான் தருவார்கள்.

நான் தவறிய இடம் இவை எதுவும் இல்லை. கண்டியில் ஒரு இரவு, சாப்பிட்டு முடித்து, சித்தப்பா தன் பங்கைத் தான்தான் கட்டுவேன் என்று நின்றார். சரி என்று பில்லை இரண்டாகப் பிரிக்கச் சொன்னோம். இரண்டு தாளையும் தோல் உறைக்குள் வைத்துக் கொண்டு வந்தார்கள். கார்டை வைத்ததும் பரிமாறுபவர் போய், காசு மேசையில் இருந்த சின்ன அட்டையை எடுத்து வந்து ஒரு வரியை விரலால் காட்டினார்: ஒரு மேசைக்கு ஒரு பில், பிரித்தால் கழிவு இல்லை. அச்சடித்த பில்லைத் திரும்பச் சேர்க்க முடியாது என்றும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். முழுக்காசையும் கட்டிவிட்டு வந்தோம்.

அதனால் உட்கார்ந்ததும், தண்ணீர் ஊற்ற முன்னரே, கார்டைக் காட்டி ‘இந்தக் கார்டுக்கு இன்றைக்குக் கழிவு உண்டா, எதற்கெல்லாம்?’ என்று கேளுங்கள். பில் ஒன்றாகவே வரட்டும். வீட்டுக்குள் காசைப் பிரிப்பதைப் பிறகு வானுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கார்டுக்குரியவரும் மேசையில் இருக்க வேண்டும். தம்பியின் கார்டை வாங்கிக்கொண்டு போய் ஐசி கேட்டால் நிற்க இடமிருக்காது.

வெளிநாட்டு உறவுகளின் கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடா, லண்டன், சுவிஸ் வங்கிக் கார்டுகளுக்கு இந்தக் கழிவுகள் இல்லை. ‘நீ வை, நான் கட்டுறன்’ என்று அண்ணா தன் கார்டை நீட்டினால் பாசம்தான், ஆனால் கழிவு போய்விடும். பல கனடாக் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 2.5 வீதம் மேலதிகமாகவும் பிடிப்பார்கள். உங்கள் உள்ளூர் கார்டில் கட்டிவிட்டு அவரிடம் காசாக வாங்குவது இருவருக்கும் நல்லது. அவருடைய கார்டில்தான் கட்ட வேண்டும் என்றால், மெஷின் ரூபாவிலா டொலரிலா என்று கேட்கும்போது ரூபா என்று அழுத்தச் சொல்லுங்கள். டொலரை அழுத்தினால் மாற்று விகிதம் அவர்களுடைய விருப்பப்படி.

கார்டால் கட்டினால் இரண்டு மூன்று வீதம் கூட வேண்டும் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படி அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது; பற்றுச்சீட்டோடு உங்கள் வங்கிக்கு முறையிடலாம்.

7. கார்ட் இல்லாதவர்கள் இப்போது எடுக்கலாமா?

ஒரு சுற்றுலாவுக்காக மட்டும் எடுக்க வேண்டாம். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, ஐசி, முகவரிக்கு மின்சார பில் என்று கேட்பார்கள். விவசாயம், கடற்றொழில், சொந்தக் கடை என்றால் நிலையான வைப்பை ஈடாக வைத்துக் கேட்கலாம். கார்ட் கைக்கு வரக் கிழமைகள் ஆகும், ஆகவே பயணத்துக்கு முந்தின கிழமை விண்ணப்பிப்பதில் பலன் இல்லை. வருடக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அதைக் கழிவில் இருந்து கழித்துப் பாருங்கள். மாத முடிவில் முழுத் தொகையையும் கட்ட முடியாதவர் என்றால், வட்டி அந்த 25 வீதத்தைத் தின்று தீர்த்துவிடும். அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் வீட்டில் ஏற்கெனவே கார்ட் வைத்திருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போவதுதான் சுலபமான வழி.

8. சரி, எதை எடுப்பது?

நான் இப்போது செய்வது: பிபி எடுக்கிறேன். காலைச் சாப்பாட்டைச் சேர்த்துக் கட்டுவதில் நட்டம் வந்ததில்லை. எழும்பின கையோடு அம்மம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இருக்கிறது. இரவுக்கு, ஊர் நடுவில் ஹோட்டல் என்றால் கார்டும் வெளிக் கடையும். மத்தியானத்துக்கு ஒருபோதும் முன்கூட்டிக் கட்டுவதில்லை.

ஹாஃப் போர்ட்டைத் தயங்காமல் எடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. ஹோட்டல் தேயிலைத் தோட்டத்துக்குள்ளே, ஊரில் இருந்து எட்டுப் பத்துக் கிலோமீற்றர் தள்ளி இருந்தால், இரவில் மலை வீதியில் வானை இறக்கி ஏற்றிக் கடை தேடுவதை விட 4,500 ரூபாத் தட்டே நல்லது. வான் சாரதிக்கும் அன்றைய ஓட்டம் போதும். நடக்கக் கஷ்டப்படும் முதியவர்கள், கைக்குழந்தை, மழைக்காலம் இருந்தாலும் அப்படித்தான். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலத்துக்குப் போகிறவர்களும் யோசியுங்கள்; அந்தச் சனத்துக்குள் வெளியே ஒன்பது பேருக்கு மேசை கிடைக்காது.

சாரதியின் சாப்பாட்டை மறக்காதீர்கள். பல ஹோட்டல்களில் சாரதிகளுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் தனியாக உண்டு, சில இடங்களில் இல்லை. பதிவு செய்யும்போதே கேளுங்கள். ஏழு மணித்தியாலம் வான் ஓடியவர் பசியோடு இருக்கக் கூடாது.

9. வன்னிக்குள்ளேயே தங்குகிறவர்களுக்கு

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கோ, சொந்த ஊரைப் பார்க்கவோ வந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விடுதி எடுக்கிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். இங்கே கார்ட் கழிவை எதிர்பார்த்து வர வேண்டாம். அந்தப் பட்டியல்கள் கொழும்பையும் கண்டியையும் கடற்கரை ஹோட்டல்களையும் சுற்றித்தான். சின்னக் கடைகளில் காசுதான், அதுவும் மாற்றிய நோட்டாக இருந்தால் நல்லது.

இங்குள்ள சிறிய விடுதிகளில் போர்ட் என்ற பேச்சு அதிகம் இல்லை. காலையில் ‘மத்தியானத்துக்கு எத்தனை பேர், மீனா இறைச்சியா?’ என்று கேட்பார்கள். அப்போது சொன்னால்தான் சமைப்பார்கள், பன்னிரண்டு மணிக்குப் போய்க் கேட்டால் இருக்காது. சந்தைக்குப் போக முன் சொல்லிவிட்டால் அன்றைய மீனும் நந்திக்கடல் இறாலும் கிடைக்கும். ஆளுக்கு எவ்வளவு, மீன் பெரிதென்றால் தனி விலையா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். சொன்ன ஆட்கள் குறைந்தாலும் சொன்ன எண்ணிக்கைக்குக் காசு கொடுங்கள், அவர்கள் சாமான் வாங்கிவிட்டார்கள்.

காலைக்கும் பின்னேரத்துக்கும் அம்மாச்சி உணவகம் இருக்கிறது, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும். பெண்கள் நடத்துவது, கண் முன்னாலே சுட்டுத் தரும் தோசையும் அப்பமும், குரக்கன் புட்டும். அம்மாச்சி கிட்ட இருக்கிற ஊரில் விடுதியின் காலைச் சாப்பாட்டுக்கு முன்கூட்டிக் கட்டத் தேவையில்லை.

10. கட்டும் முறை, நேரம், கடைசி பில்

ஆட்களின் பட்டியலும் மூன்று விலைகளும் பயணத்துக்கு ஆறு கிழமை முன்னர் கையில் இருக்கட்டும். ஓகஸ்ட், டிசம்பர், ஏப்ரல் பாடசாலை விடுமுறை என்றால் இன்னும் முந்துங்கள். பதிவு செய்யும்போது முழுத் தொகையையும் கேட்டால், முற்பணம் மட்டும் தரலாமா என்று கேளுங்கள். இரத்துச் செய்தால் எத்தனை நாளுக்கு முன் சொன்னால் காசு திரும்பும், சாப்பிடாத நேரத்துக்குக் கழிப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மலிவு விலைக்குப் பின்னால் ‘காசு திருப்பப்படாது’ என்ற வரி இருக்கும். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களின் விமானம் ஒரு நாள் பிந்தினாலும் அந்தக் காசு போனதுதான்.

உறுதிப்படுத்தும் கடிதத்தில் ஐந்து விடயம் இருக்கிறதா என்று பாருங்கள்: போர்ட் வகை, முதல் சாப்பாடு எது, கடைசிச் சாப்பாடு எது, பிள்ளைகளின் வயதும் விலையும், நெட் என்ற சொல். ஒன்று குறைந்தாலும் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள். அதை அச்செடுத்து, கட்டிய வங்கிச் சீட்டோடு ஒரே உறையில் வையுங்கள். மலையில் போனில் சிக்னல் இல்லாத இடங்கள் உண்டு.

புறப்படும் நாளுக்கு முதல் நாள் இரவே பில்லின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். காலையில் எல்லோரும் பையோடு வாசலில் நிற்க, சாரதி வானைத் திருப்பிக்கொண்டிருக்க, ஒரு வரியும் வடிவாகப் பார்க்க முடியாது. எங்கள் பில்லில் அம்மம்மாவின் பெயரில் நாலு சோடா இருந்தது. அவ சோடாவே குடிப்பதில்லை. இரவிலேயே காட்டியதால் அப்போதே வெட்டிவிட்டார்கள்.